கடைசி எழுத்து

என் செல்ல மகளே,

நீ கேட்ட மெஷின் கார்டு இந்த உறைக்குள் இல்லை. பதறாதே. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அது பொந்தியானுக்கு, உன் தொழிற்சாலை வாசலுக்கே வந்து சேரும். அதைக் கொண்டு வரப்போகிறவர் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார். அதற்கு நீ உண்மையான பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு நாளாகக் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு, அதற்கு மேல் படிவம் மூன்று, அவ்வளவுதான் என் படிப்பு. ஆனாலும் அந்தக் காலத்தில் என் கையெழுத்தைப் பார்க்கவே பக்கத்துத் தோட்டத்து ஆசிரியர்கள் வந்து போவார்கள். சரி, ஒரே ஓர் ஆசிரியர். அவரும் வேறு வேலையாகத்தான் வந்தார். உறையை ஒட்டாமல் உன் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். அவளும் படித்துவிட்டுத்தான் கொரியரில் போடுவாள். படிக்க வேண்டியவள்தான்.

போன வாரம் நீ போனில் சொன்னது வரி வரியாக எனக்கு ஞாபகம் இருக்கிறது. "அப்பா, டின்ன வேக வைக்கிற லைன்ல அவுட்புட் கார்டு ஒண்ணு போயிருச்சு. நீராவி வால்வ திறந்து மூடறது அதுதான். எட்டு வழில அஞ்சு வழிதான் எனக்கு வேணும். அந்த மாடல செய்யறத கம்பெனி நிறுத்தி ரொம்ப வருஷமாச்சு. சிங்கப்பூர்லயும் கேட்டுட்டேன், இல்லயாம். உங்க கிட்ட இருக்கா?" என்றாய். இருக்கிறது என்றேன். "அப்ப போதும்பா. ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லைன நிறுத்துறாங்க. மேனேஜர் ஏற்கெனவே, இந்தப் பொண்ணால முடியுமான்னு ஒரு மாதிரியா பாக்குறாரு. நீங்க ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிட்டா நான் கண்ண மூடிக்கிட்டு மாட்டிருவேன்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு அந்தக் காட்சி தெரிந்தது. அன்னாசிப்பழ டின்கள் வேகும் தொட்டி, அதற்குள் பாயும் நீராவி, பக்கத்தில் நிற்கும் ஆட்கள், நடுவில் கண்ணை மூடிக்கொண்டு என் மகள்.

என் ஸ்டிக்கருக்கு உள்ள மரியாதை உனக்குத் தெரியும். பச்சை நிறம், வட்டம், நடுவில் 'ஓகே', கீழே என் கையெழுத்து. நம் குளுவாங்கில் மட்டுமா? பாசிர் கூடாங்கிலிருந்து பத்து பகாட் வரை, பழைய மெஷின் ஓடும் இடமெல்லாம் மின்சாரப் பேனலைத் திறந்தால் என் பச்சை வட்டம் ஒன்றாவது கண்ணில் படும். தொழிற்சாலை ஒன்று மூடப்போகிறது என்று காற்றில் ஒரு வாடை வந்தால் போதும், பழைய இரும்புக்காரன் செம்புக்காகப் பேனலை அறுப்பதற்கு முன்னால் என் லாரி வாசலில் நிற்கும். ஒருமுறை செனாயில் நான் பெட்டியைத் தூக்கும்போதே அவன் இன்னொரு பக்கம் வெட்டிக்கொண்டிருந்தான். தீப்பொறி என் சட்டையில் விழுந்து ஓட்டை போட்டது. அந்தச் சட்டையை நீ பார்த்திருக்கிறாய். புலி கீறியது என்று சின்ன வயதில் உனக்குச் சொன்னேன்.

கார்டு பொறுக்குவதில் எனக்கு மூக்குதான் முதல் கருவி. கருகின வாடை அடித்தால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். ரொம்பப் பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். இருபது வருஷம் எண்ணெய்ப் புகையில் கிடந்த சாமான் புது மணமகன் மாதிரி இருந்தால் யாரோ பெயின்ட் அடித்திருக்கிறான் என்று அர்த்தம். திருகாணியின் தலையைப் பார். காடியில் கீறல் இருந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறான். கையில் வைத்து எடையைப் பார். கார்டின் ஓரத்தில் உள்ள தங்க நிறப் பல்வரிசை கறுத்திருந்தால் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய், உப்புத்தாளைத் தொடாதே. இதெல்லாம் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது. நான் போய்ச் சொல்லிக் கொடுத்திருந்தால் இருந்திருக்கும். யாரும் கூப்பிடவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு சோதனை என்ன செய்தேன்? அதை இப்போது நேராகச் சொல்கிறேன். நானே கட்டிய பலகையில் கார்டைச் செருகி, அதன் எட்டு வழிக்கும் உள்ள எட்டு விளக்கையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். எட்டும் எரிந்தால் பச்சை வட்டம். "எரியுதா? எரியுது. ஓகே லா!" முடிந்தது. முப்பது வருஷமாக என் சோதனை அதுதான். எரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். அணைய வேண்டிய நேரத்தில் தானாக அணைகிறதா என்று பார்த்ததில்லை.

இன்னொன்று. கார்டின் மேல் நீளமாக ஒரு நம்பர் இருக்கும், அதன் வாலில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். வாடிக்கையாளர் யாராவது, "அங்கிள், நம்பர் சரி, கடைசி எழுத்து மட்டும் வேற மாதிரி இருக்கே" என்று கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருந்தது. "அது அடையாளக் கார்டுல மகன்னா ஏ/எல், மகள்னா ஏ/பி போட்டு அப்பா பேரு எழுதற மாதிரி, பொஸ். யாரு பெத்தாங்கன்னு சொல்லுது. ஆள் ஒரே ஆள்தான். அப்பா பேர வச்சு நமக்கு என்னா வேல?" எல்லாரும் சிரிப்பார்கள். வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கும் அது நல்ல பதிலாகவே பட்டது. ஏனென்றால் அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல என் நாக்குக்கு வராது.

இனி காஹாங் மில் கதைக்கு வருகிறேன். உனக்குப் பத்து வயதிலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் சொன்ன கதை. செம்பனை எண்ணெய் மில் நின்றுபோய் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது நான் ஒருவனாகப் போய், ஓடுகிற கன்வேயர் பக்கத்தில் பாய்ந்து, அவசரக் கயிற்றைப் பிடித்து இழுத்து, மூன்று பேரின் உயிரைக் காப்பாற்றி, பத்தே நிமிடத்தில் மில்லை ஓட வைத்த கதை. முதல் வருஷம் சொன்னபோது மில்லை ஓட வைக்க ஒரு மணி நேரம் ஆனது. அடுத்த வருஷம் அரை மணி. பிறகு பத்து நிமிடம். உன் அத்தை மகன் கல்யாணத்தில் சொன்னபோது கதைக்குள் கம்பெனி டைரக்டர் என்னைப் பார்க்க ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார். உன் அம்மா அன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒங்க வாய்க்கு ஒரு மெயின் சுவிட்ச் வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாய். அந்தக் கதையைக் கேட்டுத்தான் இந்தப் படிப்பை எடுத்தாய். வேலை நேர்காணலில், ஏன் இந்தத் துறை என்று கேட்டபோது அந்தக் கதையைத்தான் சொன்னேன் என்று நீ வந்து சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறதா? ரொட்டி வாங்க வேண்டும் என்று சொல்லி நான் கடைக்குப் போய்விட்டேன்.

நடந்தது இது. அந்த மில்லில் சார்ஜ்மேனாக இருந்தவர் மணியம். மின்சாரப் பொறுப்பு முழுவதும் அவருடையது. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். அவர் பேனலில் ஒயர்கள் தலை வாரிப் பின்னியது போல இருக்கும். அவரிடம் நான் ஒரு கார்டு விற்றேன், பச்சை வட்டத்தோடு. நம்பர் அதே நம்பர், வாலில் எழுத்து மட்டும் வேறு. பழையதில் ஈ, என்னுடையதில் எஃப். அவரும் கேட்டார். நானும் அந்த அப்பா பேர் நகைச்சுவையைச் சொன்னேன். மணியம் சிரிக்கவில்லை. "நிச்சயமாண்ணே?" என்று கேட்டார். "என் ஸ்டிக்கர் மேல சத்தியம்" என்றேன்.

சில மாதம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் மதியம், உத்தரவு அனுப்பும் கன்ட்ரோலரிலிருந்து அந்தக் கார்டுக்குப் போகும் கேபிளை எலி கடித்துவிட்டது. கேபிள் அறுந்தால் ஈ வகைக் கார்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும், மெஷின் நிற்கும். எஃப் வகை அப்படி இல்லை. கடைசியாக என்ன உத்தரவு வந்ததோ அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். ஓடு என்பது கடைசி உத்தரவு. கன்ட்ரோல் அறையிலிருந்து நிறுத்து பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் கன்வேயர் குலை குலையாகப் பழத்தைக் கொண்டுபோய், நின்றுபோயிருந்த அடுத்த மெஷின் வாயில் கொட்டியது. ஓடிப்போய் அவசரக் கயிற்றை இழுத்தவர் மணியம். நான் அப்போது குளுவாங்கில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தேன். மூன்று பேர் உயிர் என்பதெல்லாம் இல்லை. யாருக்கும் அடி படவில்லை. கியர்பாக்ஸ் உடைந்தது, மில் நின்றது.

என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பேனலைத் திறந்தேன். கேபிள் அறுந்து தொங்குகிறது, என் கார்டில் விளக்குகள் சிரித்துக்கொண்டு எரிகின்றன. அந்த ஒரு நொடியில், மகளே, கடைசி எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கியர்பாக்ஸை மில் ஆட்கள் மாற்றினார்கள், கேபிளை நான் மாற்றினேன். என் பையில் வேறொரு கார்டு இருந்தது, அது ஈ. யாரும் பார்க்காதபோது அதை மாட்டி, பழையதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். மில் ஓடியது. கை தட்டினார்கள். அது உண்மை. மேனேஜர் என் தோளில் கை போட்டு, "கெனாபா, அங்கிள்?" என்று கேட்டார், ஏன் இப்படி ஆனது என்று. மணியம் இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் ஒரே ஒரு சொல் சொன்னேன். "ஒயரிங்."

எதையும் நீட்டிப் பேசுகிற நான் என் வாழ்நாளில் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் சேர்க்கவில்லை. ஒயர் மணியத்தின் வேலை. அடுத்த மாதமே அவரை அனுப்பிவிட்டார்கள். மில்லுக்கு மில் பேச்சு பரவும், உனக்குத் தெரியும். அவரிடம் சான்றிதழ் இருந்தது, வேலை கொடுக்க ஆள் இல்லை. ஆயர் ஈத்தாமில் பீங்கான் கடைகளுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கடை போட்டு, வாஷிங் மெஷினும் காற்றாடியும் ரிப்பேர் பார்க்க ஆரம்பித்தார். ஜோகூர் பாருவுக்குப் போகும்போதெல்லாம் நான் அந்த ஊரில் வண்டியை நிறுத்தாமல் போவேன். அங்கே டாய்லெட் சுத்தமாக இருக்காது என்று உங்களிடம் சொல்வேன். பாவம், நீ எத்தனை முறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய்.

ஏன் இத்தனை வருஷம் கழித்து என்று கேட்பாய். நீ கேட்ட கார்டு என்னிடம் ஒன்றல்ல, இரண்டு இருக்கிறது. இரண்டையும் மேசையில் வைத்தேன். வலது கண்ணில் புரை வந்ததிலிருந்து எனக்கு ஈயும் எஃப்பும் ஒன்று போலத்தான் தெரிகின்றன. கண்ணாடி வில்லையை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் வால் எழுத்து பாதி அழிந்திருக்கிறது. இன்னொன்றில் லேபிளே பிற்பாடு ஒட்டியது போல இருக்கிறது. என் பலகையில் போட்டால் இரண்டும் எரியும், அது எதற்கும் சாட்சி இல்லை. கார்டுகளைச் செருகும் நிஜமான ரேக்கில், நிஜமான கன்ட்ரோலரோடு சேர்த்து, ஓடும்போது கேபிளை இழுத்துப் பார்க்க வேண்டும். அந்த ரேக் ஜோகூரில் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. காஹாங் மில்லில் புது சிஸ்டம் போட்டபோது, இதே மாடலான பழைய ரேக்கை மணியம் வாங்கி வைத்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். எதற்கு வாங்கினார் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை போனேன். கடைக்கு வெளியே வண்டியிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் காற்றாடியைக் கழற்றிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அலமாக். குளுவாங் அண்ணனா? என்னா, ஹெலிகாப்டர்ல வரலியா?"

கதை அவர் காதுக்கும் போயிருக்கிறது, மகளே. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். கார்டு, வால் எழுத்து, சட்டைக்குள் போட்டது, ஒயரிங். எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒரு பெண் வந்து மிக்சியைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அவளுக்கு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, "ம், சொல்லுங்க" என்றார். முடித்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணே. நீங்க போன பொறகு பேனல தொறந்து பாத்தேன். நான் போட்ட திருகாணி நட்சத்திரத் தல. நீங்க போட்டது ஒத்த காடி. கார்ட மாத்திட்டீங்கன்னு பாத்தவொடனே புரிஞ்சிருச்சு."

"அப்ப ஏன் மேனேஜர் கிட்ட சொல்லல மணியம்?"

"சொன்னேனே. யாரு கேட்டா? ஒங்களுக்குத்தான் கை தட்டிட்டாங்களே." காற்றாடியைத் தள்ளி வைத்தார். "இப்ப மன்னிப்பு கேக்க வந்தீங்களா, ரேக் கேக்க வந்தீங்களா?"

எனக்கு ஆயிரம் பதில் வரும், உனக்குத் தெரியும். அன்றைக்கு உள்ளதைச் சொன்னேன். "ரேக்குக்குத்தான் வந்தேன். மகளுக்கு வேணும். அது இல்லன்னா வந்திருக்க மாட்டேன்" என்றேன். அவர் எழுந்தார். பிறகு பின்னால் போய்ப் போர்வையை விலக்கினார். ரேக் துடைத்து வைத்தது போல இருந்தது. ஒயர்கள் அதே பின்னல்.

முதல் கார்டைப் போட்டோம். எட்டும் எரிந்தது. "இழுங்க" என்றார். இழுத்தேன். எட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அப்படியானால் அது எஃப் வகை. "இன்னும் எரியுது பாத்தீங்களாண்ணே" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டாவது கார்டில் ஏழாவது விளக்கு எரியவில்லை. மற்ற ஏழும் எரிந்தன. கேபிளை இழுத்தேன். பட்டென்று எல்லாம் இருட்டு. ஒரு கார்டு செத்துப்போவதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. இருபது தடவை இழுத்தோம். எண்ணியது மணியம், ஆகவே இருபது என்றால் இருபதுதான். நான்கு மணி நேரம் சூடேற ஓட விட்டு மறுபடியும் இழுத்தோம்.

பச்சை வட்டத்தை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓகேன்னா என்னாண்ணே அர்த்தம்? பாத்தத எழுதுங்க." வெள்ளைத்தாளில் எழுதினோம். ஏழாவது வழி வேலை செய்யாது. கேபிள் போனால் எல்லாம் அணையும், பார்த்தோம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கவில்லை. நிஜ வால்வில் போட்டுப் பார்க்கவில்லை. வால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. கீழே இரண்டு கையெழுத்து, அவருடையது முதலில். உனக்கு ஐந்து வழி போதும் என்றாயே, ஏழாவதை விட்டுவிடு. அந்தத் தாளை நம்பியும் மாட்டாதே. நீராவியைத் திறப்பதற்கு முன்னால் நீயே ஒரு முறை கேபிளை இழு. மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இழு. நேரம் ஆகிறது என்று யாராவது முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். அப்போது அணையவில்லை என்றால் லைனை நிறுத்தி வை, கார்டு இல்லை என்று சொல். இல்லை என்பதும் தெரியாது என்பதும் வாயில் வருவதற்கு உன் அப்பாவுக்கு இவ்வளவு வருஷம் ஆயிற்று. உனக்கு இப்போதே வரட்டும்.

வேலை முடிந்தபின் ரெஜிஸ்டரில் உன் பெயரை முழுதாக எழுதுவாய் அல்லவா, ஏ/பி போட்டு அதற்குப் பின்னால் என் பெயர். முப்பது வருஷம் அதை வைத்து நகைச்சுவை செய்தேன். அந்த வால் எதைக் குறிக்கிறது, கேபிள் அறுந்தபோது அது என்ன செய்தது என்று இப்போது உனக்குத் தெரியும். மற்றதை நீ பார்த்துக்கொள்.

இனி அந்தக் கேள்வி. கார்டைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது மணியம் கேட்டார், "மகளுக்கு இதெல்லாம் தெரியுமாண்ணே?" தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம். அவ்வளவு நேரம் உண்மை பேசிய வாய், களைத்துப்போய்ப் பழைய வழிக்கே போய்விட்டது. "போன வாரமே சொல்லிட்டேன்" என்றேன். "என்னா சொன்னா?" என்றார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "அழுதா. ஒரு மணி நேரம் அழுதா. பொறகு, போய் அந்த அங்கிள் கால்ல விழுங்கன்னு சொன்னா" என்றேன். அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "அப்படியா. அப்ப ஞாயித்துக்கிழமை நானே கொண்டு போறேன். கேபிள எங்க இழுக்கணும்னு காட்டணும்ல. பிள்ளையயும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். நம்பினாரா, பிடித்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. பார், தெரியாது என்று எழுதிவிட்டேன்.

எட்டு மணிக்கு வருவார். வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், அவரிடம் வேறு நிறம் இல்லை. உள்ளே கூட்டிப்போய்ப் பேனலைக் காட்டு, அவருக்குப் பிடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா எல்லாத்தயும் சொன்னாராம்மா?" என்று கேட்பார். சொன்னார் அங்கிள் என்று சொல். நீ இதைப் படித்து முடித்துவிட்டாய், ஆகவே அது பொய் ஆகாது. நீ அழுதாய் என்று சொன்னேனே, அது ஒன்றுதான் இந்தக் கதையில் இன்னும் பொய்யாக நிற்கிறது. அதை எனக்காக உண்மையாக்க வேண்டாம். அழவில்லை அங்கிள், அப்பா அதையும் சேர்த்துவிட்டார் என்று அவரிடமே சொல்லிவிடு.

உன் அப்பா